மாத்திரையின் அளவை மதிப்பெண் பட்டியலைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். "மருந்து கொடுத்தும் மதிப்பெண் ஏறவில்லை, டோஸைக் கூட்டச் சொல்லுங்கள்" என்று பள்ளி சொல்லியனுப்பியதாகப் பெற்றோர் என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த ஒரு சிறுமியின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். முன்பெல்லாம் இரண்டு மூன்று கழித்தல் கணக்குகளோடு எழுந்துவிடுபவள், இப்போது பக்கம் முழுவதும் போட்டிருந்தாள். ஆனால் 52-இலிருந்து 37 போக 25 என்று எழுதியிருந்தாள், கடன் வாங்க வேண்டிய எல்லாக் கணக்குகளிலும் அதே பிழை. அவளை உட்கார வைக்கும் அளவில் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பதை யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

2022-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள, 7 முதல் 12 வயதுக்குட்பட்ட 173 குழந்தைகளுக்குச் சில வாரங்கள் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தும் சில வாரங்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பாடம் நடத்தியபோது, மருந்து எடுத்த நாட்களில் அவர்கள் கூடுதல் கணக்குகளைப் போட்டார்கள், வகுப்பில் ஒழுங்காகவும் இருந்தார்கள்; கற்ற பாடத்தின் அளவில் மட்டும் வேறுபாடு தென்படவில்லை. தேர்வு நாளில் மருந்து எடுத்தவர்களுக்குச் சற்றே மதிப்பெண் கூடியது, அவ்வளவுதான். (நீண்டகால ஆய்வுகள் சிலவற்றில் மதிப்பெண் ஓரளவு உயர்ந்திருப்பதையும் நான் மறைக்கவில்லை.)

இதைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுதும் திட்டு வாங்கிய குழந்தை அமைதியாக ஒரு வேலையை முடிப்பது சிறிய பயன் அன்று. ஆனால் டோஸைக் கூட்டக் கூட்டப் பசி மந்தமாகும், தூக்கம் கெடும், எடை குறையும். மதிப்பெண்ணுக்காக அந்த விலையைக் குழந்தையிடம் கேட்க முடியாது.

சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரமே வேலை செய்யும். குழந்தைக்கு வராத பாடத்தைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை குறிப்பு எழுதும்போது, எந்த வேளையில் கவனம் சிதறுகிறது, எத்தனை கணக்குகளுக்கு முயன்றது, எந்தப் படியில் தவறுகிறது என்பதை எழுதி, நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். டோஸைப் பற்றி நான் அதை வைத்தே முடிவெடுப்பேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவர்