மண்ணீரல் கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை

ஆசிரியருக்கு,

பித்தப்பைக் கல்லா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் அக்காவின் மண்ணீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்ததும் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. சி.டி.யில் பார்த்தும் நிணநீர்ப் புற்றுநோயா, சாதாரண அழற்சிக் கட்டியா என்று பிரிக்க முடியவில்லை. ஊசி குத்தித் திசு எடுக்கலாமே என்றோம். மண்ணீரல் முழுக்க ரத்தம், கசிந்தால் ஆபத்து என்று டாக்டர் தயங்கினார். சரி என்று மண்ணீரலையே எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அழற்சிப் போலிக்கட்டி, அதாவது புற்றுநோய் போலத் தோன்றினாலும் புற்றுநோய் அல்லாத கட்டி என்று தெரிந்தது. 1984 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாகிவரும் அபூர்வ வகையாம்.

நல்ல செய்திதான். ஆனால் கிருமிகளை எதிர்க்க உதவும் மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம், அதையும் முடிந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும் என்பதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு வரி இல்லை.

ஒரு வாசகி, மதுரை