ஆயில் சீல் மாற்றுவதற்கு முன்னால் இதைப் படி

பாப்பா,

நேற்று போனில் உன் எக்ஸ்பல்ஸ் பைக்கில் முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைத் தாங்குகிற ஷாக் குழாய்களில், எண்ணெய் கசியுது, எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கிற ரெண்டு ரப்பர் சீலையும் மாற்றணும் என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள் என்றாய். சரி, மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் போன வாரம் சக்லேஷ்பூர் சேற்றில் வண்டியை இறக்கிவிட்டு வந்து, அலுப்பில் கழுவாமலே பார்க்கிங்கில் நிறுத்தினதாகவும் நீயே சொன்னாய். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

உன் வண்டியின் முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அந்தக் குழாயில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது சீலுக்குள் போய் உட்காரும். ஒரு மணல் துளி சீலின் உதட்டைத் தூக்கிப் பிடித்தாலே போதும், அந்த இடுக்கு வழியே எண்ணெய் வந்துவிடும். கிழிந்த சீலும் அழுக்கு மாட்டின சீலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும்.

மேலே ரப்பர் உறை இருக்கே என்று நினைக்காதே. உள்ளே போன சேற்றைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான். கிளிப்பைத் தளர்த்தி உறையை மேலே தூக்கு. கீழே தூசியைத் தடுக்கிற டஸ்ட் சீல் இருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியில் டேப் சுற்றி மெதுவாக நெம்பினால் அதுவும் மேலே வரும், குழாயில் மட்டும் கீறல் விழக்கூடாது. அப்புறம் இந்தக் கவரில் அனுப்பியிருக்கிற பழைய ஃபிலிம் நெகட்டிவை எடு. நுனியைக் கொக்கி மாதிரி வெட்டியிருக்கிறேன். குழாய்க்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் அதைச் சொருகி ஒரு சுற்று சுற்றி வெளியே இழு. கருப்பாக மை போல வரும். துடைத்துவிட்டு மறுபடி சொருகு, ஃபிலிம் சுத்தமாக வரும்வரை. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இருபது தடவை அமுக்கி, குழாயைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார். இதிலேயே நின்றுபோன கசிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை என்றால் குழாய் மேல் நகத்தை வைத்து மேலும் கீழும் ஓட்டு. எங்காவது நகம் மாட்டினால் அது கல் பட்ட காயம், அதைச் சரிசெய்யாமல் எத்தனை புது சீல் போட்டாலும் கிழியும்.

ஒன்றில் மட்டும் அசட்டை வேண்டாம். எண்ணெய் வழிந்து பிரேக் பேடில் பட்டிருந்தால் தேய்த்து, காயவைத்து என்று மிச்சம் பிடிக்காதே, புது பேட் வாங்கு. டிஸ்க்கையும் பிரேக் கிளீனரால் துடை.

கையோடு சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வா. இறுகினது கணீர் என்று கேட்கும், தளர்ந்தது தொப்பென்று. கால் சுற்றுக்கு மேல் முறுக்காதே, சக்கரத்தில் கோட்டம் விழுந்துவிடும், அதை எடுக்கத் தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதே அரிது. ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார், காகித ஃபில்டர் என்றால் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் போதும், காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயில். பெட்ரோல் வேண்டாம், செயினுக்குள் ரப்பர் வளையம் இருந்தால் கெட்டுவிடும். அப்புறம், எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நான் தொழில் பழகின பட்டறையில் ஒரு பையன் அப்படித்தான் துணியை வைத்தான், செயினோடு துணி போனது, துணியோடு விரல் நுனியும் போனது. நாற்பது வருஷம் ஆகியும் செயினைத் தொடும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்று.

நெகட்டிவ் உன் காதுகுத்து அன்று எடுத்தது. அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவள் இருக்கிற துண்டைத் தொடவில்லை, உன் பெரிய மாமா மட்டும் நிற்கிறதாகப் பார்த்துத்தான் வெட்டினேன்.

அப்பா