குதிகாலில் ஒரு சொட்டு

ஒஸ்லோ

அன்புள்ள அக்காவுக்கு,

வளைகாப்புப் படமெல்லாம் வந்தது. உன் முகத்தைவிடச் சாத வகைகள்தான் பளிச்சென்று தெரிகின்றன, எடுத்தது அம்மாதானே? நான் மதிய இடைவேளையில் ரொட்டித் துண்டின்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துத் தின்றுகொண்டே பார்த்தேன். இங்கே மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஈழத் தமிழர் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. விலையை அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

"கொழுந்தியா என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியலை" என்று அத்தான் சலித்துக்கொண்டாராமே. மெட்டபலோமிக்ஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். சாப்பிட்டதை உடம்பு உடைத்து, மாற்றி, கழிக்கும்போது ரத்தத்தில் ஓடுகிற அமினோ அமிலம், கொழுப்பு, சர்க்கரை என்று நூற்றுக்கணக்கான சின்னப் பொருள்களை ஒரே தடவையில் அளப்பது என்று சொல்லச் சொல்.

இதே மாதிரி அளந்துதான் பச்சைப்பிள்ளைகளுக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நார்வேயில் எங்கே பிள்ளை பிறந்தாலும் இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி, தாளில் ரத்தம் ஒற்றி ஒஸ்லோவுக்குத்தான் அனுப்புகிறார்கள். வருடத்துக்கு 50,000க்கு மேல். காய்ந்த சொட்டில் மிளகளவு வெட்டியெடுத்து, பொருள்களை எடையை வைத்துப் பிரித்தறிகிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் கொடுத்தால், நோய் வெளியே தெரியும் முன்பே அதன் தடயம் தெரிந்துவிடும்.

இந்தக் கதையின் ஆரம்பமும் இந்த நாட்டில்தான். போர்க்னி ஏகெலாந்து என்று ஒரு அம்மா. லீவ், டாக் என்று இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் மூளை வளர்ச்சி இல்லை, உடம்பில் ஒருவித வாடை. காரணம் கேட்டு டாக்டர் டாக்டராக அலைந்தாள். கடைசியில் 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோல்லிங் என்பவர் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார், பச்சையாகிவிட்டது. அது என்ன பொருள் என்று பிரித்தறிய அவள் லிட்டர் கணக்கில் சிறுநீர் சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறாள். புரதத்தில் இருக்கிற ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை மாற்ற வேண்டிய நொதி சரியாக வேலை செய்யாமல், அது தேங்கி மூளையைக் கெடுத்திருக்கிறது. பாவம், அவள் பிள்ளைகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பு உதவவில்லை. புரதத்தைக் கட்டுப்படுத்தும் உணவுமுறை 1950களில்தான் வந்தது. தாளில் ரத்தம் ஒற்றும் முறையை அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960களில் கொண்டுவந்தார். இன்று பிறந்த சில நாளிலேயே கண்டுபிடித்துப் பத்தியம் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகள் மாதிரிப் படித்து வேலைக்குப் போகும். பாடப்புத்தகத்தில் டாக்டர் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அந்த அம்மாதான் பெரியவள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், நம்ம ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் குதிகால் ரத்தச் சோதனையைத் தானாக எடுப்பதில்லை. நீ மாமா மகனைக் கட்டியவள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த மாதிரி நோய் வரும்; சொந்தத்துக்குள் கட்டினால் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான், பயப்படாதே, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அம்மாச்சி காதில் மட்டும் போடாதே, "என் பேரனுக்கு என்னடி குறை" என்று கிளம்பிவிடும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே "நியூபார்ன் ஸ்கிரீனிங் எடுப்பீங்களா" என்று கேட்டுவிடு. தைராய்டும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார். பால் குடிக்க ஆரம்பித்து, இரண்டு நாள் ஆனபிறகு எடுப்பது நல்லது. அதற்குள் டிஸ்சார்ஜ் செய்தால் திரும்பக் கூட்டிப்போக அத்தானிடம் இப்போதே சொல்லிவை. பச்சைப்பிள்ளையைக் குத்துவதா என்று அம்மா அழும். நீ விட்டுக்கொடுக்காதே. ரிப்போர்ட் வந்ததும் முழுசாகப் படமெடுத்து அனுப்பு, நான் பார்க்கிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். மதுரை வெயிலுக்கு எதற்கு என்று கேட்காதே, அழகாக இருந்தது.

அன்புடன்,
உன் தங்கச்சி