மணிக்கூண்டின் வடக்குச் சுவரைக் காப்பாற்றக் கோரி நான்காவது மனு

பொருள்: பழைய மணிக்கூண்டில் பூசப்பட்ட சிமெண்ட்டை நீக்கி, சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மணிக்கூண்டின் நிலையைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தங்கள் அலுவலக மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். முன்பு கொடுத்த மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும் கையில் உள்ளன. பதில்தான் வரவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. மேல்தளத்து மழைநீர்க் குழாய் அடைபட்டு, தண்ணீர் முழுவதும் வடக்குச் சுவர் வழியாக இறங்குகிறது.

2. உச்சியில் முளைத்த அரசங்கன்றை இரண்டு முறை வெட்டினார்கள். வேரை எடுக்கவில்லை. இப்போது மணிக்கட்டுப் பருமனில் நிற்கிறது.

3. எங்களை மிகவும் வருத்துவது சிமெண்ட் பூச்சுதான். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட்டை அப்பியதால் உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கிறது. போன வாரம் வாசல் வளைவுக்கு மேலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு பாளம் விழுந்தது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. எடுத்துப் பார்த்தேன். சிமெண்ட் கல்லாக இறுகியிருக்கிறது; அதன் முதுகில் ஒட்டி வந்த பழைய செங்கல் விரல் பட்டதும் உதிர்கிறது. இத்தனை தலைமுறை மழையைத் தாங்கிய செங்கல், ஐயா! பழுதுபார்த்த பிறகுதான் உதிர்கிறது. எந்தக் கலவையைப் பூசினார்கள் என்று கேட்டால் கோப்பு இல்லை என்கிறார்கள். செய்யும் வேலையை எல்லாம் ஆவணப்படுத்த வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய உலகளாவிய நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே சொல்கிறது. ஒரு தாளில் எழுதி வைக்கக்கூடவா முடியவில்லை?

4. கிரேக்க நாட்டு ஏதென்ஸில் உள்ள பழம்பெரும் பளிங்குக் கோயிலான பார்த்தினானிலும் இதுதான் நடந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்த்தபோது செருகிய இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்தன. பின்னாளில் அவற்றைக் கழற்றி, துருப்பிடிக்காத டைட்டானியம் உலோகத்தை வைக்க வேண்டியதாயிற்று. அங்கே கழற்றினார்கள். இங்கே விரிசல் மேல் இன்னொரு கை சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

5. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. வேண்டாம் ஐயா. வேண்டவே வேண்டாம்.

அடுத்த மழைக்கு முன் குழாய் அடைப்பை எடுத்து, வாசலில் தடுப்பு வைக்க வேண்டுகிறோம். சிமெண்ட்டைப் பதமாகக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு பூச வேண்டுகிறோம். அரசங்கன்றையும் வேரோடு எடுக்க வேண்டும். திரும்பவும் கேட்கிறோம்: தயவுசெய்து மறுபடி சிமெண்ட் பூச மட்டும் உத்தரவு போடாதீர்கள்.

விழுந்த பாளத்தை எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் எப்போது அழைத்தாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிவாசிகள் சார்பாக