ஒன்பதெல்லாம் பூஜ்யமாகிறதா பார்

சிவமயம்

காரைக்குடி

அன்பு மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய, கைப்பிடி சுற்றும் பழைய ஓட்னர் கணக்கு மெஷினில் கூட்டல் தப்பாக வருகிறது என்று எழுதியிருந்தாய். சக்கரம் தேய்ந்திருக்காது ஆத்தா, பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும்.

எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, ஒன்றாம் இடத்தில் மட்டும் 1 வை. கைப்பிடியைப் பின்பக்கமாக ஒரு முழுச்சுற்று சுற்று. மணி அடித்து, விடை வரிசை முழுக்க 9 வரும். இப்போது முன்பக்கமாக ஒரு சுற்று. அத்தனை 9-உம் 0 ஆக வேண்டும். எந்த இடத்தில் 9 அசையாமல் நிற்கிறதோ, அந்த இடத்துக்கு மீதியை, அதாவது முந்தைய இடம் 9-ஐத் தாண்டும்போது சேர வேண்டிய ஒன்றைக் கடத்தும் நெம்புகோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில மாடல்களில் இடது ஓரத்து இடங்களுக்குக் கடத்தலே கிடையாது. அங்கே மாறாவிட்டால் பழுதல்ல.

வெள்ளைப் பெட்ரோல் தொட்ட சிறு தூரிகையால் அந்த இடத்தைக் கழுவு. பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது கெட்டியாகிவிடும். பாதிச் சுற்றில் கைப்பிடியைத் திருப்பாதே. தொடங்கிய சுற்றை முடித்தால்தான் கேரியேஜ், அதாவது விடை வரிசை இருக்கும் நகரும் பகுதி, நகரும். இழுத்துப் பார்த்தால் பல் வளையும்.

மீதி கடத்துவதுதான் இந்த மெஷின்களின் ஆதிச் சிக்கல். 1642-இல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் தொடங்கிய மெஷினைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. கழிக்க 9-இன் நிரப்பெண்ணை, அதாவது ஒவ்வொரு இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்து வரும் எண்ணைக் கூட்ட வேண்டும். ஜெர்மானிய மேதை லைப்னிட்ஸ் பெருக்கலுக்குப் படிப்படியாக நீளம் மாறும் பற்களுள்ள உருளை வைத்தார், அது இடத்தை அடைத்தது. 1870-களில் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஸ்வீடன்காரர் ஓட்னர் மெல்லிய சக்கரத்தில் வெளியே நீளும் 9 ஊசிகளை வைத்தார். நீ 7 வைத்தால் 7 ஊசி நீளும், ஒரு சுற்றுக்கு 7 பல் தள்ளும். என் கணக்கில் அதைவிட அழகான ஏற்பாடு வேறில்லை.

ஆனால் அதற்குப் பத்துதான் தெரியும். நம் பழைய வட்டிக்கடைக் கணக்கோ 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. 347 ரூபாய் 6 அணாவுக்கு நூற்றுக்கு மாதம் 12 அணா வட்டி என்று வை. 6 அணா .375, 12 அணா .75 என்று நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். 347375 வைத்து 5 சுற்று. கேரியேஜை ஓரிடம் நகர்த்தி 7 சுற்று. 26053125 வரும். நூற்றுக்கு என்பதையும் சேர்த்து ஏழு இடம் தள்ளிப் புள்ளி வை: 2.6053125. இனி பின்னத்தை 16-ஆல் பெருக்கினால் 9 அணா, மிச்சத்தை 12-ஆல் பெருக்கினால் 8 பை. மாகாணி (1/16), அரைக்கால் (1/8), முக்கால் என்று எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூல் மனப்பாடமான கணக்குப்பிள்ளைக்கு 6 அணா என்பது காலும் அரைக்காலும், 12 அணா என்பது முக்கால், மாற்றவே வேண்டாம். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்த பிறகுதான் நம் பணமும் மெஷினும் ஒரே எண்ணில் பேசின.

வகுத்தலுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக் கழித்துக்கொண்டே போ. மணி அடித்தால் ஒரு சுற்று அதிகம். முன்பக்கமாக ஒன்று சுற்றிச் சரிசெய்து, கேரியேஜை இடப்பக்கம் ஓரிடம் நகர்த்து.

9-சோதனையில் எந்த இடம் நின்றது என்று எழுது. மூடியை அதற்குமுன் கழற்றாதே.

அன்புடன்,
அப்பச்சி