டீ மேசையை மூடிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமங்களில் கிரிக்கெட் டீ, அதாவது ஆட்ட இடைவேளைச் சிற்றுண்டி, குறைந்து வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன் என்கிற சின்ன பன், ஜாம். ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. அத்தனையையும் சம்பளம் வாங்காமல் செய்துவந்த வீட்டுப் பெண்கள். 2020ல் கொரோனாவுக்காக நிறுத்திய டீயை, அப்புறம் பல லீக்குகள் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரைப் பற்றியே படிப்பதுபோல் இருந்தது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில். 1850ல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1860ல் மெட்ராஸிலிருந்து நம்மவர்களை ஏற்றிய முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டை பிடித்தார்கள். ஆட்டத்தோடு டீயும் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பெண்கள் கைக்கு வந்தபின் ஸ்கோன் போய் சமோசா வந்தது.

1979ல் கல்யாணமான மூன்றாவது ஞாயிறே மாமியார் என்னைக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனார். நல்ல மைதானங்களெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்றிருந்த காலம். எங்களுக்குப் பெவிலியன் கிடையாது. மேடுபள்ளமான தரையில் நார்ப்பாய் விரித்துத்தான் பிட்ச். மரத்தடியில் இரண்டு டிரம் வைத்து மேலே பலகை போட்டால் அது டீ மேசை. பலகை எப்படி இருந்தாலும் அதன்மேல் வெளுத்து இஸ்திரி போட்ட துணி விரித்தே ஆகவேண்டும். மாமியார் அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சமோசா வேலை வெள்ளிக்கிழமை ராத்திரியே தொடங்கும். இரண்டு அப்பளம் அளவு மாவை எண்ணெயும் மாவும் தடவி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பெரிதாகத் தேய்த்து, தோசைக்கல்லில் லேசாக வாட்டி, சூடு ஆறுவதற்குள் பிரிக்க வேண்டும். ஆறிவிட்டால் கிழிந்துவிடும். விரல் நுனி சிவந்துபோகும். பிரித்ததைப் பட்டையாக வெட்டி, முக்கோணமாக மடித்து, மைதா பசையால் ஒட்ட வேண்டும். ஆட்டக்காரர்கள் 22, அம்பயர்கள் 2, ஸ்கோர் எழுதுபவர்கள் 2, அப்புறம் வேலியோரம் நிற்கும் பிள்ளைகள்: சமோசா 150க்குக் குறையாது. ஐந்தாறு பெண்கள் தரையில் உட்கார்ந்து மடிப்போம். பெரியவர்கள் முழுக்கத் தமிழில் பேசுவார்கள். வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்த மருமகள்கள் எத்தனையோ பேர் அந்தத் தரையில்தான் தமிழ் கற்றுக்கொண்டார்கள். நான் இன்று இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அதில் அந்த வெள்ளிக்கிழமைகளுக்கும் பங்கு உண்டு.

எங்கள் சீசன் அக்டோபரில் தொடங்கும். பெரும்பாலும் அது புரட்டாசி. அந்த மாதம் கறி கிடையாது, உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான். மற்ற மாதங்களில் முஸ்லிம் பையன்களுக்கு ஹலால் கறி, தனிச் சட்டி, தனி எண்ணெய். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் தவறியதும் இல்லை.

மேசையில் மாமியாருக்கென்று முறைகள் இருந்தன. வந்த அணிக்கு முதல் தட்டு. அம்பயர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் டீ இருக்க வேண்டும். அடுத்து பந்து வீசப்போகிறவனுக்கு எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், வாழைப்பழம் கொடு. பூஜ்யத்தில் அவுட்டாகி வந்த பையன் தட்டில் ஒன்றும் சொல்லாமல் ஒரு சமோசா கூடுதலாக வை. இந்தக் கடைசி முறையை நான் ஒருநாளும் மீறியதில்லை. அந்த ஒரு சமோசாவைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிய பதினாறு வயதுப் பையன் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

1991ல், நிறத்தால் பிரிந்து கிடந்த கிரிக்கெட் வாரியங்கள் ஒன்றான பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்புகளும் எங்களோடு ஆட வந்தன. காலையில் யாரும் யாரோடும் பேசவில்லை. டீக்குப் பிறகு பேசினார்கள். ஒரே பலகை, ஒரே தட்டு அடுக்கு. சட்னியைத் தள்ளு என்றாவது பேசித்தானே ஆகவேண்டும்!

மூன்று சீசனுக்கு முன்பு எங்கள் கிளப் டீயை நிறுத்திவிட்டது. பெண்கள் கஷ்டப்பட வேண்டாமே என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. இப்போது இடைவேளையில் அவரவர் காருக்குள் உட்கார்ந்து வாங்கிவந்த பெட்டியைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். எதிரணிப் பையன் பெயர்கூட இவர்களுக்குத் தெரிவதில்லை.

எங்களுக்கு அலுப்பு இருந்தது உண்மைதான். முதுகு வலித்தது. மருமகள்கள் சனி, ஞாயிறும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை மடிக்க உட்காரச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பெண்களுக்கு ஓய்வு கொடுக்க மேசையையே எடுக்க வேண்டுமா? சாப்பிட்டவர்கள் கை என்ன செய்கிறது? பதினொரு பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு இருவர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஐந்தாறு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். சமோசா மடிக்க வராவிட்டால் ரொட்டியில் சீஸும் தக்காளியும் வைக்கட்டும், போதும். டீயும் மேசையும் இருக்க வேண்டும். எல்லாரும் உட்கார வேண்டும்.

போன மாதம் எங்கள் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “ஆன்ட்டி, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்றார். முதல் பத்தும் எண்ணெயில் வாய் பிளந்துவிட்டன. பசை தண்ணியாக இருந்ததுதான் காரணம். இரண்டாவது தட்டு நன்றாக வந்தது.

கிளப்பின் டீ அர்ன் என்கிற பெரிய டீப் பாத்திரம், எனாமல் கெட்டில், மேசைத்துணிகள் எல்லாம் என் கராஜில் பத்திரமாக இருக்கின்றன. துணிகளைப் போன வாரம் துவைத்து வைத்தேன். சீசனின் முதல் ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். எங்கள் பையன்கள் யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
வெருலம் வாசகி,
தென்னாப்பிரிக்கா