வெற்றுக் குச்சியைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியருக்கு,

கடலூர் மாவட்டத்தில் கறவை மாடு வைத்திருப்பவரிடம் "என்ன மாடுங்க இது?" என்று கேட்டால், "ஜெர்சி கிராஸ்" என்பார். எத்தனை பங்கு ஜெர்சி என்று கேட்டால் பதில் வராது. புதுச்சேரியின் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கமும் அப்படித்தான். குற்றம் அவர் மீது இல்லை. அந்தக் கணக்கை யாரும் அவர் கையில் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கு ஆதாரமான உறைவிந்துக் குச்சியும் குப்பைக்குப் போய்விடுகிறது.

நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி, அதாவது ஜெர்சிக் காளையின் விந்து, போட்டுப் பிறக்கும் கிடேரிக்குப் பாதி சீமை (வெளிநாட்டு இன) ரத்தம். அதற்கு மறுபடியும் தூய ஜெர்சி போட்டால் கன்றுக்கு முக்கால். அந்தக் கன்று வளர்ந்து அதற்கும் தூய ஜெர்சி என்றால் 87.5 சதவீதம். மாறாக, பாதி ரத்தக் கிடேரிக்குப் பாதி ரத்தக் கலப்பினக் காளையின் விந்தைப் போட்டால் கன்றும் பாதியிலேயே நிற்கும். முதல் கலப்பில் தெரியும் அந்தத் தனி வீரியம் இதில் குறையும், உண்மைதான். ஆனால் முக்காலைத் தாண்டிய மாடு சித்திரை, வைகாசியில் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அந்த நட்டத்தைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். கடலோரப் புழுக்கத்தில் உடம்பின் வியர்வை காயாது. மாடு வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீனியை ஒதுக்கும், பால் இறங்கும். உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சலும் சீமை ரத்தம் கூடக் கூடக் கடுமையாகத் தாக்கும்.

சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃப்ரீசியன் என்று தமிழ்நாட்டு இனவிருத்திக் கொள்கை பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம். இருந்தும் "பால் அதிகம் வர்ற ஊசியாப் போடுங்க" என்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கேட்பவர்கள் உண்டு. லிட்டர் கூடும், கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் காசு கொழுப்புக்கும் சேர்த்துத்தான். சின்ன உடம்புக் கிடேரிக்கு எச்.எஃப். போட்டால் கன்று பெருத்து, ஈனும்போது சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நல்ல உம்பளாச்சேரி நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் கலப்புக்கே போக வேண்டாம், அதே இனத்து ஊசியைக் கேட்டு வாங்கலாம்.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் உறைவிந்துக் குச்சி. ஒரு சாண்கூட இல்லாத, ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் பருத்த பிளாஸ்டிக் குழல். உள்ளே கால் மில்லி விந்து. மேலே இனம், காளையின் எண், தயாரித்த நிலையம், தேதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஊசி போட்டு முடிந்ததும் அது குப்பையில் விழுகிறது. அதைக் கேட்டு வாங்கித் துடைத்து, மாட்டு அட்டையில் தேதியோடு செலோ டேப் போட்டு ஒட்டிவையுங்கள். திரவ நைட்ரஜனில் விந்து பல ஆண்டுகள் கெடாது. அதனால் தகப்பன் காளையின் விந்தே மகளுக்குப் போய்ச் சேர வழியிருக்கிறது. எண் இருந்தால் ஒரு பார்வையில் தடுத்துவிடலாம்.

குச்சியைக் கையாளும் விதத்தையும் மாட்டுக்காரர் கவனிக்க வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் இருப்பதை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து இளக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டுவதும் சட்டைப் பையில் போடுவதும் சரியல்ல. வெளியே எடுத்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். நுனியை வெட்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு சாகும். எடுக்க வேண்டிய குச்சியைத் தேடுகிறேன் என்று மற்றவற்றையும் நைட்ரஜன் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தால் அடுத்த நாலு வீட்டு மாடும் சினை பிடிக்காது. பழி மட்டும் மாட்டின் மேல்.

ஊசி போடும் நேரம் பழைய கணக்குதான்: காலையில் பருவம் (மாடு காளைக்கு ஏங்கும் அறிகுறி) தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். கண்ணாடி போல வழும்பு தொங்கும், மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்கும். கோடையில் இதெல்லாம் பெரும்பாலும் இரவில்தான் தெரியும். படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். வழும்பில் ரத்தம் கலந்து வந்தால் பருவம் முடிந்து ஓரிரு நாள் ஆகிவிட்டது என்று பொருள். அன்றைக்கு ஊசி வீண். தேதியைக் குறித்து, 18ஆம் நாளிலிருந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள். முன்பே ஊசி போட்ட மாடு பருவத்துக்கு வந்ததுபோல் திரும்பக் கத்தினால் அதைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். சினையாக இருந்தும் சில மாடுகள் கத்தும். அப்போது விந்து செலுத்தும் கம்பி (கன்) கருப்பைக்குள் போனால் கரு கலையலாம்.

மூன்று முறை போட்டும் சினை நிற்கவில்லையென்றால் காளையை மாற்றுவதற்கு முன் தீனித் தொட்டியைப் பாருங்கள். வைக்கோலிலும் நெல்லிக்குப்பம் பக்கம் போடும் கரும்புத் தோகையிலும் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை இல்லாமல் எந்த ஊசியும் சரியாக எடுபடாது.

மாட்டின் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறது, விவரம் கணினியில் ஏறுகிறது என்பார்கள். ஏறட்டும். அடுத்த ஊசிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவின் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு கால்நடைத் துறைகளும் அட்டையில் காளை எண், சீமை ரத்தப் பங்கு என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து அச்சடிக்கட்டும். ஊசி போடுபவர் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பெண் கன்றுக்கென்று பிரித்த விந்து வந்தபின் இது இன்னும் அவசரம். 10 கன்றில் 9 கிடேரியாக விழும்போது, தவறான கலப்பும் அதே வேகத்தில் பெருகும்.

– வாசகர், குறிஞ்சிப்பாடி